வாரா வாரம் சாம்பிள்

ஜன்னலோரம் நீயே ஒக்காந்துக்க கண்ணு. எனக்குக் காத்து வேணாம், பேச ஒரு ஆளு இருந்தா போதும். பஸ்ஸு நவுராது, ரயில்வே கேட்டு வேற போட்டுட்டான். ஒரு கூட்ஸ் வண்டி போவும், அது போனப்புறம் எதிர்ல இன்னொண்ணு வரும், அதுக்கப்புறம்தான் தொறப்பான். இந்த ரூட்ல தெனம் போறவங்களுக்கு அது தெரியும். நீ காலேஜா? நர்ஸ் படிப்பா? அப்போ நல்லதாப் போச்சி. உனக்குச் சொன்னா புரியும், இது ஒடம்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

நான் இப்போ எங்க போயிட்டு வரேன்னு நெனக்கிற? தண்ணி டெஸ்ட் பண்ற ஆபீசு இருக்குதே, பெரிய லேப்பு, அங்கதான். போயி, வாசல்ல நின்ன ஆள எல்லாம் தாண்டி, பெரிய ஐயாவ நேர்லயே பாத்து, ஒரு பொண்ணு மேல கம்ப்ளைண்ட் குடுத்துட்டு வரேன். இந்த நவநீதம் அப்படி லேசுல வாயத் தொறக்க மாட்டா. தொறந்தா முடிச்சிட்டுத்தான் மூடுவா. எங்க வூட்டுக்காரரைக் கேளு, அவரு சொல்வாரு.

எங்க ஊரு மேல்நாகலாபாடி. கேள்விப்பட்டிருக்க மாட்ட. எங்க ஊருக்குப் பின்னாடி தோலு பதம் பண்ணப் போடற உப்பு காய்ச்சற கம்பெனி ஒண்ணு இருந்துச்சி. எப்பவோ மூடிட்டான். கம்பெனிய மூடினவன் குப்பைய அள்ளிகினு போவணுமா இல்லியா? அத மட்டும் எங்களுக்கு வுட்டுட்டான். குன்னாட்டம் கெடக்குது. மழ பேஞ்சா மஞ்சளாக் கரைஞ்சி ஓடும். அது பூமிக்குள்ள எறங்கி, பூமிக்குள்ளயே நடந்து வந்து எங்க தெருக் கெணத்துல எல்லாம் எறங்கிடுச்சி. குரோமியமாம் பேரு. கம்பெனிக்காரனுக்கு எங்க தெரு வழி தெரியாது, அவன் குப்பைக்குத் தெரிஞ்சிருக்குது பாரு.

எங்க வூட்டுக்காரரு எத்திராஜு அந்தக் கம்பெனியிலதான் வேல செஞ்சாரு. மூக்குக்கு நடுவுல ஒரு தடுப்பு இருக்குதில்ல, அவருக்கு அதுல ஓட்ட வுழுந்துருச்சி. அந்தத் தூளு அரிச்சது. இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் தெரியும். சிரிச்சா மூக்குல விசில் வரும், அத்தொட்டே மனுஷன் சிரிக்கறதக் கொறச்சிட்டாரு. எனக்கு அதுல வருத்தம் இல்லன்னு நெனச்சிக்காத. நெறைய இருக்குது. ராத்திரி பகலா வருத்தப்பட்டுகினே ஒக்காந்திருந்தா சோறு யாரு ஆக்கறது?

அவரு மூக்கு போனது போவட்டும். எனக்கு இப்போ ஒரே கவலை எம்புள்ள தாமுதான். தாமோதரன். ஷூ கம்பெனியில சூப்பர்வைசரு. குனிஞ்ச தல நிமிர மாட்டான். முப்பது தாண்டிப் போச்சி, இன்னும் கல்யாணம் ஆவல. புள்ளயில ஒரு கொறையும் இல்ல, தண்ணியிலதான் கொற. எங்க தெரு பேரச் சொன்னாலே தரகரு போன வெச்சிடறாரு. வர்றவங்க புள்ளயப் பாக்கறதில்ல, நேரா கொல்லப் பக்கம் போயி கெணத்த எட்டிப் பாக்கறாங்க. பொண்ணு குளிச்சா முடி கொட்டுமா, கொழந்தைக்கு ஆவுமா, இதே கேள்விதான். ஒரு அம்மா எங்க வூட்டுப் பக்கெட்ட தலகீழாத் திருப்பி மஞ்சக் கறையச் சொரண்டிப் பாத்துட்டு, ஜாதகமே குடுக்காம போயிட்டாங்க.

அதுக்கோசரமே எங்க தெருவுல ஒரு பழக்கம். வூட்டுக்கு யாரு வந்தாலும் கேன் தண்ணிதான். நாங்க கெணத்துத் தண்ணி குடிப்போம், அது எங்க தலையெழுத்து. வந்தவங்களுக்குக் குடுக்க மாட்டோம். கேன் ஒண்ணு சமையக்கட்டு மூலையில துணி போட்டு மூடித் தனியா இருக்கும். தாமு கூட அதுல கை வைக்கக் கூடாது.

இப்படி இருக்கும்போது லேப்புலேந்து ஒரு பொண்ணு வந்துச்சி. ஒல்லியா, கண்ணாடி போட்டுகினு, ஸ்கூட்டியில நீலப் பொட்டி ஒண்ணு கட்டிகினு. தெருவுல எல்லார் வூட்டு வாசல்லயும் ஒரு பாட்டில் குடுத்துச்சி. "தண்ணி சாம்பிள் வேணும்மா, நெறைச்சு வையுங்க, மத்தியானம் வந்து வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டுப் போச்சி. நான் அந்தப் பாட்டில வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்ல காய வெச்சி, கேன்லேந்து கழுத்து வரைக்கும் புடிச்சி வெச்சேன். எதிர் வூட்டு பட்டம்மா இருக்குறாளே, அவ எதுலயும் என்னவிட ஒரு படி மேல போவணும். கேன் தண்ணியில சீரகம் போட்டு, கொதிக்க வெச்சி, ஆற வெச்சி, வடிகட்டிக் குடுத்திருக்கறா. கோயிலாண்ட இருக்கற பூசாரி வூட்ல துளசி போட்டுக் குடுத்திருக்கறாங்க. இன்னா இருந்தாலும் கவர்மெண்ட்டு ஆளு குடிக்கப் போற தண்ணியாச்சே.

குடிக்க இல்லியா? அது இப்போ எனக்கும் தெரியுது கண்ணு. அப்போ தெரியலியே.

ரிசல்ட்டு வந்துச்சி. எங்க தெருத் தண்ணி படு சுத்தமாம். குரோமியமே இல்லியாம். பஞ்சாயத்துத் தலைவரு, "தண்ணி சுத்தம்னு வந்துருச்சி, இனிமே இந்தத் தெருவுக்கு லாரித் தண்ணி கேக்காதீங்க"ன்னு சொல்லிட்டாரு. எங்களுக்கு வந்துச்சி பாரு கோவம். மஞ்சக் கலர்ல தண்ணிய வெச்சிகினு சுத்தம்னு சொன்னா எவன் ஒத்துக்குவான்? மிஷின் கெட்டுப் போச்சின்னு ஒருத்தி சொன்னா, கம்பெனிக்காரன் காசு குடுத்துட்டான்னு ஒருத்தி சொன்னா. பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல போய் ஒக்காந்துட்டோம். முன்னாடி ஒக்காந்தது யாருன்னு நெனக்கிற? நான்தான். கெணத்துத் தண்ணிய ஒரு கொடம் கொண்டாந்து நடுவுல வெச்சி, இத ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்கன்னேன். தலைவரு பின்பக்கமாப் போயிட்டாரு.

நாலு நாள் கழிச்சி அந்தப் பொண்ணு திரும்பி வந்துச்சி. முகமே சரியில்ல. எங்க வூட்டுப் படியில ஒக்காந்துகினு கேட்டுச்சி.

"ஏம்மா, தெரு பூரா தண்ணி ஒரே மாதிரி இருக்கு. ஒரு பாட்டில்ல மட்டும் சீரக வாசன அடிக்குது. ஒண்ணுல துளசி எல மெதக்குது. நீங்கல்லாம் எங்கேந்து புடிச்சீங்க?"

"கேன்லேந்துதான். வேற எங்கேந்து புடிப்பாங்க?"

"நான் உங்க கெணத்துத் தண்ணியைத்தானே கேட்டேன்."

"நீ தண்ணின்னுதான்மா கேட்ட. கெணத்துத் தண்ணின்னு கேக்கல. வூடு தேடி வந்த பொண்ணுக்கு அந்த வெஷத்தையா ஊத்திக் குடுப்பேன்? என்ன இன்னான்னு நெனச்ச?"

அந்தப் பொண்ணு தலயில கை வெச்சிகினு ஒக்காந்துருச்சி. இன்னி வரைக்கும் அதுல எம் மேல இன்னா தப்புன்னு எனக்குப் புரியல. நீயே சொல்லு. வேணாம், சொல்லாத.

அப்புறம் நானே எடுத்துக்கறேன்னு கெணத்தாண்ட போச்சி. பக்கெட்ட உள்ள வுட்டுச்சி, ஆனா இழுக்கத் தெரியல. கயிறு கையில அறுத்துருச்சி. அந்நேரம் பாத்து தாமு சாப்பிட வந்தான். கயித்த வாங்கி, ரெண்டே இழுப்புல மேல கொண்டாந்து, இந்தாங்கன்னு நீட்டினான். அது சின்ன கண்ணாடிக் குழாய்ல தண்ணிய ஊத்தி, ஒரு மருந்த சொட்டு வுட்டுச்சி. அம்மாடி. மஞ்சளா இருந்தது ரோஸாகி, ரோஸ் ஊதாவாகி, கத்திரிப்பூவாட்டம் ஆயிடுச்சி. இந்தக் கலர் வந்தா குரோமியம் இருக்குதுன்னு அர்த்தமாம். கலர் எவ்ளோ கெட்டியோ அவ்ளோ வெஷமாம்.

பட்டம்மா வூட்டுக் கெணத்துல வெறும் ரோஸ்தான் வந்துச்சி. "எங்க தண்ணி லேசு ரோஸ்தான் அக்கா, உங்களுதுதான் ஊதா"ன்னு தெரு முழுக்கச் சொல்லிகினு திரியறா. எனக்கு வவுறு எரிஞ்சுச்சி. வெஷத்துல கூட அவளோடது ஒசத்தியா இருக்கணுமா? அப்புறம் ஆளுங்க வந்து கெணத்துச் சுவத்துல செவப்புப் பெயிண்ட்ல, குடிக்க ஆவாதுன்னு பெரிசா எழுதிட்டுப் போயிட்டாங்க. எங்க கெணத்துல எழுத்து ஒரு முழம் ஒசரம். பட்டம்மா வூட்ல ஜாண் ஒசரம்தான்.

நல்லத நல்லதுன்னு சொல்லணும். அதுக்கப்புறம் லாரித் தண்ணி வருது, வாரத்துல மூணு நாளு. எங்க வூட்டுக்காரரு மொத நாளு அந்தத் தண்ணியக் குடிச்சிட்டு, சொம்பக் கீழ வைக்காம அப்படியே நின்னாரு. ருசியா இருக்குதான்னு கேட்டேன். ருசியே இல்ல மே, அதான் நல்லா இருக்குதுன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சி. அந்தப் பொண்ணு புண்ணியத்துலதான் அது வந்துது, நான் இல்லன்னு சொல்லல.

ஆனா வேல முடிஞ்சா போவணுமா இல்லியா? போவல கண்ணு. அடுத்த வாரம் வியாழக்கெழம டாண்ணு வந்து நிக்குது. சாம்பிள் எடுக்கணும்மாங்குது. அதுக்கடுத்த வியாழக்கெழமையும் வருது. தெருவுல இத்தன கெணறு இருக்குது, ஒண்ணுல கூட எடுக்கல. எங்க கெணத்துலதான். ஏம்மா எங்க வூட்டயே சுத்தறன்னு கேட்டா, உங்க கெணத்துலதாம்மா கலர் நல்லா வருதுன்னுச்சி. சொல்லற பேச்சா இது?

தாமுவுக்கு வியாழக்கெழம வீக் ஆஃப் ஆச்சா, பாவம், அவனுக்கு ஒரு நாள் ரெஸ்ட்டு கெடையாது. மின்னே ஞாயித்துக்கெழமதான் அவனுக்கு லீவு. கம்பெனியில கேட்டு மாத்திகினானாம், எதுக்கோ தெரியல. அந்தப் பொண்ணுக்குத் தண்ணி எறச்சிக் குடுக்கறது, பொட்டியத் தூக்கறது, எல்லாம் இவந்தான். எம்புள்ளைக்கு எரக்க கொணம் ஜாஸ்தி. கயிறு அதும் கைய அறுக்குதுன்னு கடைக்குப் போயி நைலான் கயிறு புதுசா வாங்கியாந்து போட்டான். நான் அதே கயித்துல இத்தினி வருஷம் எறச்சேன், எங்கை அறுந்துச்சான்னு கேட்டவன் இல்ல. வியாழக்கெழம காலையில மொகம் மழிச்சிக்கறான். மருந்து சொட்டு வுடற எடத்துல சுத்தமா இருக்கணும் இல்ல, அதுக்கு.

ஏம்மா தொண்டய கனைக்கற? தூசியா? ஜன்னலச் சாத்திக்க.

இன்னொண்ணு சொல்றேன் கேளு. ஒரு நாளு நான் அடை சுட்டுகினு இருந்தேன். அந்தப் பொண்ணு அடுப்பாண்ட வந்து ஒக்காந்துகினு, வூட்ல யாரு இன்னா சாப்பிடுவீங்கன்னு கேட்டுச்சி. ஒடம்புக்குள்ள வெஷம் எப்படிப் போவுதுன்னு கணக்கு எடுக்குது போலன்னு நானும் சொன்னேன். தாமுவுக்கு இன்னா பிடிக்கும், கோவம் வருமா, தங்கச்சிங்க இருக்குறாங்களா, எல்லாம் கேட்டுச்சி. கோவத்துக்கும் குரோமியத்துக்கும் இன்னா சம்பந்தமோ, படிச்சவங்களுக்குத்தான் தெரியும். கடைசியா கொஞ்சம் தயங்கி, கொரலத் தாழ்த்திகினு கேட்டுச்சி.

"உங்க பையன் தண்ணி சாப்பிடுவாராம்மா?"

நான் சொன்னேன், "அதெல்லாம் நல்லா சாப்பிடுவான். காலையில எழுந்தா வெறும் வயித்துல ஒரு சொம்பு. வேலைக்குப் போவும்போது கையோட ஒரு பாட்டில். வந்தா செருப்பக் கூட கழட்டாம நின்ன வாக்குலயே ஒரு சொம்பு. சின்ன வயசுலேந்து அப்படித்தான், அவங்கப்பா பழக்கி வுட்டாரு."

அந்தப் பொண்ணு மொகத்த நீ பாத்திருக்கணும். எடுத்த அடையத் தட்டுலயே வெச்சிட்டு எழுந்துருச்சி. சாம்பிள் கூட எடுக்காம வண்டியெடுத்துகினு போயிருச்சி. அத்தினி வெஷம் உள்ள போயிருக்குதேன்னு பயந்துகிச்சி போல, நல்ல மனசுதான். அடுத்த வியாழக்கெழம வரல. தாமு சோறு எறங்காம, வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகினு இருந்தான். இன்னாடான்னா ஒண்ணுமில்லங்கறான். அம்மா, நீ அந்தப் பொண்ணாண்ட இன்னா சொன்னன்னு என்ன நிக்க வெச்சிக் கேட்டான். சொன்னேன். செவுத்துல தலய முட்டிகினு நின்னான் கொஞ்ச நேரம். அப்புறம் போன எடுத்துகினு மொட்ட மாடிக்குப் போனவன், எறங்கி வரும்போது சிரிச்சிகினு வந்தான். அதுக்கடுத்த வாரம் அந்தப் பொண்ணும் சிரிச்சிகினே வந்துச்சி. என்னைப் பாத்து, "தண்ணின்னா கெணத்துத் தண்ணி, இல்லம்மா"ன்னு சொல்லிச் சிரிக்குது. பழசயே நெனச்சிகினு இருக்குது பாரு, அந்தக் கேன் விஷயத்த.

நீ ஏன் சிரிக்கற? நான் ஜோக்கா சொல்றேன்? இனிமேத்தான் விஷயமே.

போன ஞாயித்துக்கெழம. ஆரணி பக்கத்துலேந்து ஒரு நல்ல எடம் வந்துச்சி. எத்தினியோ நாளைக்கி அப்புறம் வூடு பாக்க வராங்க. மொத நாளே தாமுவாண்ட சொன்னேன், லீவு போட்டு வூட்ல இருடான்னு. மொகத்த ஒரு மாதிரி வெச்சிகினு சரின்னான். கெணத்துச் சுவத்துல எழுத்து தெரியக் கூடாதேன்னு காலையிலயே என் புது சுங்கடிப் பொடவைய நனைச்சி அது மேல காயப் போட்டேன். கேன் தண்ணியில காப்பி, கேன் தண்ணியில கேசரி. எல்லாம் சரியா நடந்துகினு இருக்குது. பொண்ணோட அப்பா கெணத்தாண்ட வந்து நின்னு, தென்னமரம் உங்களுதான்னு கேக்கறாரு. நானும் ஆமாங்கன்னு பொடவைய மறைச்சாப்புல நின்னுகினு இருக்கறேன்.

அப்போ வருது ஸ்கூட்டி. ஞாயித்துக்கெழம கண்ணு. கவர்மெண்ட்டு ஆபீசு ஞாயித்துக்கெழம தொறந்து நீ பாத்திருக்கிறியா? நீலப் பொட்டியோட நேரா உள்ள வந்து, எல்லாருக்கும் வணக்கம் வெச்சி, "பொடவ காஞ்சிடுச்சேம்மா"ன்னு அத எடுத்து மடிச்சி என் கையில குடுத்துருச்சி. செவப்பு எழுத்து பளிச்சுன்னு தெரியுது. பொண்ணோட அப்பா கண்ணாடிய மாட்டிகினு, எழுத்துக் கூட்டிப் படிக்கறாரு. அது அதோட வுட்டுச்சா? தாமு எறச்சிக் குடுத்தான், அந்தப் பையனுக்கு ஒரு வெவரம் கெடையாது. குழாய்ல ஊத்தி, மருந்து வுட்டு, அந்த ஆளு மூக்குக்கு நேரா தூக்கிப் பிடிச்சி, "இது குரோமியங்க. இவ்ளோ கெட்டியா நான் வேற எங்கயும் பாத்ததில்ல"ங்குது. அன்னிக்கின்னு பாத்து அப்படி ஒரு ஊதா. ஒரு சொட்டுக்கு நாலு சொட்டா வுட்டுதோ இன்னாவோ.

அவங்க கேசரிய அப்படியே வெச்சிட்டு எழுந்துட்டாங்க. செருப்ப மாட்டறதுக்குள்ள கார் கெளம்பிடுச்சி, பொண்ணோட அம்மா ஒத்தச் செருப்போட ஏறினாங்க. நான் அங்கயே திண்டாடிப் போயி ஒக்காந்துட்டேன். எம்புள்ள வாழ்க்கையே போச்சேன்னு அழுவறேன். தாமு ஒரு வார்த்த அந்தப் பொண்ணத் திட்டினானா? இல்ல. பொட்டியத் தூக்கிகினு போயி வண்டியில கட்டி, தெருக்கோடி வரைக்கும் கூடப் போயிட்டு வரான். அந்தப் பொண்ணு மிச்சக் கேசரியத் தின்னுட்டுப் போச்சின்னா பாத்துக்க. எங்க வூட்டுக்காரரு சேர்ல ஒக்காந்துகினு விசில் அடிக்கறாரு. சிரிக்கறாரு, அத்தினி நாளைக்கி அப்புறம். இன்னாங்க சிரிப்புன்னு கேட்டா, வுடு மே, எல்லாம் சரியாப் போவும்னு சொல்றாரு.

எனக்கு வுட மனசு வருமா? அதான் இன்னிக்கிக் கெளம்பிட்டேன். வூட்ல யாராண்டயும் சொல்லல. பெரிய ஐயாவாண்ட போயி நின்னு, ஐயா, உங்க ஆபீசுப் பொண்ணு வாரா வாரம் வந்து எங்க கெணத்தயே தோண்டிகினு இருக்குது, ஞாயித்துக்கெழம கூட பொட்டியோட வருது, அத்தொட்டு எம்புள்ளைக்குக் கல்யாணம் தட்டிப் போவுது, அத வராம நிறுத்துங்கன்னு சொன்னேன். அவரு கம்ப்யூட்டரத் தட்டிப் பாத்துட்டு இன்னா சொன்னாரு தெரியுமா?

"மேல்நாகலாபாடி வேல ஆடி மாசத்தோட முடிஞ்சிருச்சேம்மா. அதுக்கப்புறம் நாங்க யாரையுமே அனுப்பலியே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. ஆடிலேந்து வாரா வாரம் பாட்டில் பாட்டிலா எடுத்துகினு போச்சே, அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சி? அதத்தான் நான் வழி பூரா யோசிச்சிகினு வரேன். வித்திருக்குமா? குரோமியம் வெலையுள்ள சரக்காமே, தாமுதான் ஒரு நாள் சொன்னான். அந்தப் பொண்ணு பேரு இன்னான்னு ஐயா கேட்டாரு. எனக்குப் பேரு தெரியாது, லேப்புப் பொண்ணுன்னுதான் கூப்புடுவோம். ஒல்லியா, கண்ணாடி போட்டிருக்கும்னேன். அப்படி இங்க மூணு பேரு இருக்காங்கம்மா, மூணு பேருமே அந்த ஊருக்குப் போனவங்கதான், சாயந்திரம் எல்லாரையும் கூப்ட்டு விசாரிக்கறேன், ஆபீசுப் பொட்டிய லீவு நாள்ல வெளிய எடுத்துகினு போனது யாருன்னு தெரிஞ்சா வேலைய வுட்டே அனுப்பிடுவேன்னாரு. கண்டிப்பான மனுஷன். கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தேன்.

இன்னாம்மா? ஏன் அப்படிப் பாக்கற? சிரிப்ப அடக்கிகினு, இப்போ அழுவற மாதிரி வெச்சிகினு இருக்கற மொகத்த.

எதுக்கு வந்திருக்கும்னா? தண்ணிக்குத்தான். தண்ணிக்கு இல்லியா? வேற எதுக்கு வரும்? எங்க வூட்ல இன்னா இருக்குது, ஒரு கெணறு, ஒரு தென்னமரம், நான், அவரு, தாமு.

தாமுவா?

இரு. இரு கண்ணு. பேசாத கொஞ்சம்.

வியாழக்கெழம லீவு மாத்தினான். கயிறு வாங்கினான். கோவம் வருமான்னு கேட்டுச்சி. தண்ணி சாப்பிடுவாரான்னு கேட்டுச்சி. ஐயோ, அந்தத் தண்ணியா? வெறும் வயித்துல ஒரு சொம்புன்னு சொல்லிட்டேனே. அவங்கப்பா பழக்கினாருன்னு வேற சொன்னேனே. அதுக்கப்புறமும் அந்தப் பொண்ணு திரும்பி வந்துச்சா? ஞாயித்துக்கெழம வூடு பாக்க வராங்கன்னு அதுக்கு யாரு சொன்னது? தாமுதான் சொல்லியிருக்கறான். அந்தத் திருட்டுப் பய. குனிஞ்ச தல நிமிராதவன்னு ஊர் பூராச் சொல்லிகினு திரிஞ்சேனே, கெணத்தப் பாத்துகினு குனிஞ்சிருக்கறான். எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்குது கண்ணு. அதான் விசில் அடிச்சாரு. பட்டம்மாவுக்கும் தெரிஞ்சிருக்குமோ? தெரிஞ்சிருந்தா செத்தேன்.

இல்ல, அழுவல. கண்ணுல ஏதோ வுழுந்துச்சி.

அழுவறேன்தான். நீ நெனச்சிப் பாரு கண்ணு. எத்தினி பேரு வந்தாங்க. பக்கெட்டச் சொரண்டிப் பாத்துட்டுப் போனவங்க, கெணத்த எட்டிப் பாத்துட்டுப் போனவங்க. எங்க தண்ணிய ஒரு வாய் கூட குடிக்காம பயந்து ஓடினாங்க. இந்தப் பொண்ணு அந்தத் தண்ணியில எவ்ளோ வெஷம் இருக்குதுன்னு புள்ளி வெச்சிச் சொன்ன பொண்ணு. எங்க வூட்டுத் தண்ணியப் பத்தி அதுக்குத் தெரியாத கெட்டது ஒண்ணுமே இல்ல. எல்லாம் தெரிஞ்சிகினே வாரா வாரம் வந்துச்சே. நான் போயி அதும் வேலைக்கே உல வெச்சிட்டு வந்திருக்கறேனே.

இன்னா ஆளுங்களா? நான் கேக்கல. இனிமேயும் கேக்க மாட்டேன். கேட்டுக் கேட்டு இத்தினி வருஷம் இன்னாத்தக் கண்டேன்?

மணி இன்னா? சாயந்திரம்தானே விசாரிக்கறேன்னாரு. இன்னும் நேரம் இருக்குது. தம்பி, கண்டக்டரு தம்பி, அந்தக் கதவத் தொற. கேட்டுதான் போட்டிருக்குதே, வண்டி நின்னுகினுதானே இருக்குது, எறங்கினா இன்னா? டிக்கெட்டுக்குக் காசு திருப்பிக் கேக்கல, கதவ மட்டும் தொற. கொஞ்சம் காலத் தள்ளிக்க கண்ணு. என் பையி. இந்தப் பக்கம் ஆட்டோ கெடைக்கும்தானே? கெடைக்கலன்னா நடந்தே போறேன்.

இன்னா சொல்வேனா? நேரா பெரிய ஐயாவாண்ட போயி நிப்பேன். ஐயா, நான் காலையில சொன்னதெல்லாம் தப்பு. எங்க கெணறு ரொம்ப மோசமான கெணறு. ஊர்லயே எங்க கெணறுதான் மோசம், பட்டம்மா வூட்டுதெல்லாம் ஒண்ணுமே இல்ல. வாரத்துக்கு ஒரு தடவை பத்தாதுய்யா. தெனமும் டெஸ்ட் பண்ணணும், ஞாயித்துக்கெழமையும் பண்ணணும். அந்தப் பொண்ணையே அனுப்புங்க, வேற யாரு வந்தாலும் கேன் தண்ணிதான் குடுப்பேன்னு சொல்லிடறேன்.

பேரா? ஆமா, திரும்பவும் பேரு கேப்பாரே.

கேக்கட்டும். எங்க வூட்டு மருமகப் பொண்ணுன்னு சொல்லிக்கறேன்.